பச்சையாகவே எரிந்த தடம்

என் பெயர் ஸ்ரீபதி உபாத்யாயர், வயது 66, தகப்பனார் பெயர் அனந்த உபாத்யாயர், மங்களூர் கதிரிக் கோயிலின் பின்தெருவில் குடியிருக்கிறேன். மலைத் தாலுகா மருத்துவமனைகளை நகர மருத்துவர்களோடு இணைக்கும் தனியார் வலையமைப்பின் கட்டுப்பாட்டறையில் அழைப்புகளை ஏற்கும் பணியில் உள்ளேன். இவ்வழக்கின் எதிரியான பொறியாளர் பிரதீக்ஷா ஷெட்டியையும், புகார்தாரரான மேலாளர் நிகில் கல்லூராயாவையும் அறிவேன்.

எங்கள் தடங்கள் அனைத்தையும் ஒரே மென்பொருள் நடத்துகிறது. அதன் கட்டளைகள் செல்லும் வழி வேறு, நோயாளிகளின் தரவு செல்லும் வழி வேறு. ஆகவே தரவு வழி அறுந்தாலும், கட்டளை வழியாக நலம் என்று பதில் வந்துகொண்டிருக்கும்வரை திரையில் பச்சையே எரியும். இதைக் கண்டறிய ஒவ்வொரு தடத்திலும் இடைவிடாது சோதனைத் தரவு ஓடிக்கொண்டிருந்தது. வேகம் கூடுமென்று மேலாளர் சென்ற மாதம் அதை நிறுத்தினார். பிரதீக்ஷா ஆட்சேபித்தது என் எதிரில்தான்.

சம்பவத்தன்று பிற்பகல் மலையில் கனமழை. அப்போது மலை மருத்துவமனைச் செவிலியர் பிலோமினா டிசோசா, அங்கு சிகிச்சையில் இருந்த ஆத்யா என்ற குழந்தையைப் பற்றி என் கைப்பேசிக்கு அழைத்து, "ராயரே, ஆத்யாப் பிள்ளையோட துடிப்புக் கோடு அங்க டாக்டருக்கு வரலையாம். மருந்து எவ்வளவு ஏத்தணும்னு நான் யாரைக் கேக்க?" என்றார். அதன்பின் நான் அதை இருவரிடமும் தெரிவித்தேன். பிரதீக்ஷா, எங்கள் வலையமைப்பில் வங்கிகளுக்கென ஒதுக்கிய வேறொரு தடத்துக்கு மருத்துவமனையை மாற்ற அனுமதி கேட்டார். மேலாளர், "பச்சை எரியுது. உனக்கு மட்டும் சிவப்பாத் தெரியுதாம்மா?" என்று மறுத்துவிட்டுத் தேநீர் அருந்தச் சென்றார். அதன்பின் பிரதீக்ஷா அனுமதியின்றி மாற்றினார். உடனே இணைப்பு வந்தது. நகர மருத்துவர் பிள்ளையின் நிலையைக் கேட்க, "இனி என்னத்துக்கு டாக்டர், துணி போத்தியாச்சு" என்று பிலோமினா சொன்னது எங்கள் ஒலிபெருக்கியில் கேட்டது. பழைய தடம் அப்போதும் பச்சையாகவே எரிந்தது.

மென்பொருளின் பதிவில் பிரதீக்ஷா செய்த மாற்றம் மட்டுமே உள்ளது. தடம் அறுந்தது அதில் இல்லை. அதைக் கொண்டே, இணைப்பை அவர்தான் கெடுத்தார் என்று புகார் தரப்பட்டது. மறுநாள் மேலாளர் என்னைத் தனியே அழைத்து, "பிலோமினா ஏதோ ஊர்க்கதை பேசத்தான் கூப்பிட்டான்னு சொல்லிடுங்க ராயரே. தினம் கீதை பாராயணம் பண்ற வாய், போலீஸ் நம்பும்" என்றார்.

அழைப்பு முதலில் வந்தது. பிரதீக்ஷா கைவைத்தது அதற்குப் பிறகே. இன்று காலை பாராயணம் செய்த அதே வாயால் இதைச் சொல்கிறேன். எழுதியதை ஆய்வாளர் படித்துக் காட்டக் கேட்டேன். கூட்டலும் குறைத்தலும் இல்லை, யாவும் உண்மை.

(ஒப்பம்) ஸ்ரீபதி உபாத்யாயர்