கேசட் கிடைக்காத கடை

திருவேங்கடம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இருவர் பேசிக்கொண்டு வந்தார்கள். சன்னலோரம் இருந்தவர் சங்கரன்கோவிலில் புதிதாக வீடியோ கடை போட்டவர். கரிசல் காட்டுக் காற்றில் எனக்குக் கண் பாதி மூடியிருந்தது.

"சினிமாவ ஒரு ஆளு பூட்டி வச்சிருக்காரு, அண்ணாச்சி."

"எப்படிவே?"

"பழைய கடைக்காரருதான். மதுரையில படக் கேசட் குடுக்க ஏஜெண்டுகிட்டப் போயி, 'சங்கரன்கோவில்ல எனக்கு மட்டுந்தான் கேசட் தரணும், அவனுக்குக் குடுத்தா உங்ககிட்ட வாங்க மாட்டேன்'னுட்டாரு. டெக்கையும் டிவியையும் வச்சுக்கிட்டு நான் சும்மா உக்காந்திருந்தேன்."

"கடைய மூடிட்டீரா?"

"இல்ல. என் மச்சான் கல்யாண வீடுகள்ல வீடியோ எடுக்கவன். போன வருசம் கோயில் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்த எடுத்து வச்சிருந்தான். அதக் கடையில போட்டேன். சனம் தன் மூஞ்சியத் தானே பாக்க வந்துட்டு."

"பழைய கடைக்காரரு சும்மா இருந்தாரா?"

"நேத்து அவரே வந்தாரு. அந்தக் கூட்டத்துல அவரு வீட்டம்மா மாவிளக்குத் தட்டோட சிரிச்சுக்கிட்டே நடந்து போறாங்க. சித்திரையில தவறிப்போனவங்க. 'இன்னொருக்க போடும் வே'ன்னாரு. போட்டேன். திரும்பவும் கேட்டாரு. கடை சாத்துத வரைக்கும் போட்டுக்கிட்டே இருந்தேன்."

"கேசட்டப் பத்திக் கேட்டீரா?"

"வாய் வரல, அண்ணாச்சி."