கொக்கியை மாற்றும்வரை

பழவங்காடியில் பஸ் கிளம்பியதும், முன் சீட்டில் சேலைக்கு மேல் சிமெண்ட் கறை படிந்த சட்டை போட்டிருந்தவள் பக்கத்திலிருந்த பெண்ணிடம் சொன்னாள்:

"டீச்சரையே முதல்ல தொங்கச் சொல்லிட்டேன்க்கா."

"எதுல மோளே?"

"கூரையிலேர்ந்து செவப்புத் துணியத் தொங்கவிட்டு, பிள்ளைங்கள ஏறி ஆடப் படிப்பிக்காங்கல்லா, அதுலதான். என் மகளும் போறா. அந்தத் துணிய மாட்டியிருக்க கொக்கி பீம்ல இல்லக்கா, வெறும் பூச்சுல திருகியிருக்கு."

"தொங்கினாளா?"

"எங்க! பிள்ளைங்களுக்குக் கனமில்ல, ஒண்ணும் ஆகாதுன்னாங்க."

"உனக்கென்ன தெரியும்னு கேக்கலியா?"

"கேட்டாங்க. அந்தக் கூரைக்குக் கான்கிரீட் சுமந்தவ நான், பீம் எங்க ஓடுதுன்னு எனக்குத் தெரியும்னேன். கொக்கிய மாத்தாம என் மக மட்டுமில்ல, ஒரு பிள்ளையும் ஏறாது."

"நீ சொன்னா நிறுத்திருவாங்களாக்கும்?"

அவள் மடியிலிருந்த பையைத் திறந்து காட்டினாள். உள்ளே, அந்தச் சிவப்புத் துணி முழுவதும் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது.