அஞ்சு நட்சத்திரப் பாறை

ஜீவராணி: அந்தப் பொட்டியில கைய வைக்கக்கூடாதுன்னா கூடாதுதான். இதுல பேச்சு என்னா...

யோகேஸ்வரன்: என் பொட்டி! நான் வச்சது! அத எடுத்துக் கீழ வைக்கிறதுக்கு ஒன்கிட்ட ஒரு...

ஜீவராணி: வச்சீங்கல்ல? வச்சது வச்ச எடத்துல இருக்கட்டும்.

யோகேஸ்வரன்: ரெண்டு வருசமா இருந்துச்சே, என்னாத்தக் கண்டோம்? ஒரு ஈ காக்கா வந்துச்சா நம்ம கடைக்கு?

ஜீவராணி: ஈ வருது. வடை மேல ஒக்காந்துட்டுப் போகுது.

யோகேஸ்வரன்: டீச்சர், கேட்டீங்களா? தேத்தண்ணிக் கடைக்காரன் பொண்டாட்டி பேசுற பேச்சா இது?

ஊர்மிளா: நான் தேத்தண்ணி குடிக்க வந்தனான் அண்ணை. சனிக்கிழமையிலயாவது நீதவான் வேலை இல்லாமல் இருக்க விடுங்கோ.

ஜீவராணி: யாழ்ப்பாணத்துல இருந்து வந்து எங்க முன் ரூம்புல குடியிருந்தா இதெல்லாம் கேட்டுத்தான் ஆகணும். வாடகையில சேந்தது.

ஊர்மிளா: சரி, ஒருக்கால்தான் சொல்லுவன். பெட்டி ஒளிச்சு வச்சுத் தேடுற அந்த விளையாட்டின்ரை மேப்பை நடத்திற ஆக்கள் இண்டைக்கு விடிய எழுதியிருக்கினம். திங்கட்கிழமைக்குள்ள அண்ணை போய், மொட்டப்பாறை உச்சியில பெட்டி இருக்குதெண்டு படம் எடுத்துப் போடோணும். இல்லாட்டி அந்தப் புள்ளியை மேப்பில இருந்து அழிச்சுப்போடுவினம்.

யோகேஸ்வரன்: கேட்டியா ராணி? உலகத்து மேப்புல நம்ம கடைக்கு நேர் மேல ஒரு புள்ளி! டயகமப் பக்கம் வேற எந்தக் கடைக்கு இருக்கு? அந்தப் புள்ளிய நம்பித்தானே மேசை வாங்கிப் போட்டேன், இங்கிலீசுல போர்டு எழுதி மாட்டுனேன்...

ஜீவராணி: அந்தப் போர்டப் பாத்து ஒரு வெள்ளக்காரம்மா விழுந்து விழுந்து சிரிச்சாங்க. படம் புடிச்சாங்க. டீ குடிக்கல.

யோகேஸ்வரன்: எழுத்துப் பிழை இருக்குன்னா சிரிப்பாங்கதான். அந்தச் சிரிப்புக்குக் கூட ஒரு ஆளு வந்துச்சுல்ல? புள்ளி போச்சுன்னா அதுவும் இல்ல. அப்புறம் நம்மளுக்கு மிச்சம் சோலைமலை அண்ணன் மட்டுந்தான்.

ஜீவராணி: அவரு நேத்தும் வந்தாரு. ஒரு பிளேன்டீ. அதுக்கு ஒரு மணி நேரம் அவரோட சோத்துப் பெட்டிக் கதை.

ஊர்மிளா: ஆர், அந்த சர்வே கல்லுகளுக்கு வெள்ளையடிக்கிற ஐயாவோ?

ஜீவராணி: அவருதான். ரெண்டு வருசத்துக்கு முன்னால எந்த மலையில மறந்து வச்சாரோ, பொஞ்சாதி இன்னும் சோத்த சொப்பிங் பேக்குல கட்டிக் குடுக்குதாம். "என் பெட்டிய எவன் கொண்டு போனானோ"ன்னு ஒப்பாரி வைக்காத கொறதான்.

யோகேஸ்வரன்: நான் என் பொட்டியப் பத்திப் பேசுனா நீ ஊரான் பொட்டியப் பத்திப் பேசு!

ஜீவராணி: அதுலயாவது சோறு இருந்துச்சு. ஒங்க பொட்டியில என்னா இருக்கு? ஒருத்தன் ஒளிச்சு வைப்பானாம். இன்னொருத்தன் கடல் தாண்டி வந்து போனப் பாத்துப் பாத்துத் தேடுவானாம். கண்டுபுடிச்சா உள்ள இருக்கிற கடதாசியில பேர எழுதிட்டு, திரும்ப மூடி வச்சிட்டுப் போயிருவானாம். ஒண்ணும் எடுக்கமாட்டானாம்!

யோகேஸ்வரன்: அது ஒரு வெளையாட்டு.

ஜீவராணி: நானும் ஒங்களத் தேடிப் புடிச்சுத்தான் கட்டுனேன். என்னாத்த எடுத்தேன்?

ஊர்மிளா: ஹ்ம்... அக்கா, தேத்தண்ணி மூக்கால வருது.

யோகேஸ்வரன்: சிரிங்க டீச்சர், சிரிங்க. ஆனா ஒரு விசயம் சொல்லுங்க. ஏன் யாருமே வரல?

ஊர்மிளா: நான் எத்தினை தரம் சொல்லுறது? ரயில் ஸ்டேசனில, பெஞ்சுக்குக் கீழ ஒருத்தர் ஒரு பெட்டி வச்சிருக்கிறார். அதுக்குக் கிழமைக்குக் கிழமை ஆக்கள் போகினம். குழந்தைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகினம். உங்கடை பெட்டிக்கு அரை நாள் ஏறோணும். அட்டைக்கடி, வழுக்கல், மூடுபனி. கஷ்டம் கூடக் கூட ஆக்கள் குறையும் அண்ணை. சின்னக் கணக்குத்தானே.

யோகேஸ்வரன்: சிவனொளிபாத மலை? அது மட்டும் லேசா? விடிய விடிய ஏறுறாங்களே சனம்! அத மனசுல வச்சுத்தான், கஷ்டமான எடத்துல வச்சா கூட்டம் வரும்னு நெனச்சேன்.

ஊர்மிளா: அது சாமி. இது பெட்டி.

யோகேஸ்வரன்: அன்னைக்கு நீங்களும் தலையாட்டுனீங்க.

ஊர்மிளா: ஆட்டினனான். கணக்குப் படிப்பிக்கிற எனக்கே கணக்குப் பிழைச்சுப்போச்சு. "அஞ்சு நட்சத்திரம் போடுவம் அண்ணை" எண்டு நான்தானே துள்ளினது.

யோகேஸ்வரன்: அஞ்சு நட்சத்திரம்னதும் எனக்கு ஓட்டல் ஞாபகம் வந்துருச்சு டீச்சர். அது எடத்தோட கஷ்டத்துக்குக் குடுக்கிற நட்சத்திரம்னு அப்புறந்தான் வெளங்குச்சு. அந்தக் கணக்குக்குப் பாத்தா நம்ம லயத்துல வீட்டுக்கு வீடு அஞ்சு குடுக்கலாம்.

ஜீவராணி: மழ பெஞ்சா ஆறு.

ஊர்மிளா: இதில இன்னொரு வில்லங்கம் என்னெண்டா, ஏறிப் போன நாலைஞ்சு பேரும் பெட்டியைக் காணேல்லை எண்டுதான் எழுதியிருக்கினம். ஒராள் எழுதியிருக்கிறா, "அங்க சின்னக் கோயில் மாதிரி ஒண்டு இருக்கு, குழப்பக்கூடாதெண்டு திரும்பிட்டம்" எண்டு.

யோகேஸ்வரன்: கோயிலா? மொட்டப்பாறையில ஏது கோயிலு?

ஜீவராணி: வெள்ளக்காரங்களுக்கு ஒரு கல்லு நிமுந்து நின்னா அது கோயிலு.

யோகேஸ்வரன்: அங்க கல்லு நிமுந்து நிக்குதுன்னு ஒனக்கு எப்புடித் தெரியும்?

ஜீவராணி: பாறையில கல்லு நிக்காம கத்திரிக்காயா நிக்கும்?

யோகேஸ்வரன்: ம்... சரி, விடு. நானே தனியாப் போயி பொட்டிய எடுத்துட்டு வந்து கடைக்குப் பின்னால வச்சிர்றேன். ஒரு நட்சத்திரம் போதும் நம்மளுக்கு.

ஊர்மிளா: ஏன் தனிய? இண்டைக்கு வெய்யில் எறிக்குது. மூண்டு பேருமாப் போவம். முதல்ல உச்சியில படம், பிறகு...

யோகேஸ்வரன்: உச்சிக்கா? டீச்சர், எனக்கு நெஞ்சுல கம்பி வச்சிருக்கு. மேடு ஏறக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு.

ஊர்மிளா: தனியப் போனால் ஏறலாம், எங்களோட வந்தால் ஏறக்கூடாதோ?

ஜீவராணி: நேத்து கோதும மா மூட்டையத் தூக்கிட்டு மேட்டு லயம் வரைக்கும் போனாரு.

யோகேஸ்வரன்: மூட்டையப் பத்தி டாக்டர் ஒண்ணும் சொல்லல. நீ போயேன் டீச்சரோட.

ஜீவராணி: நானா? எனக்கு முட்டி வலி. உளுந்து வேற ஊறப் போட்டிருக்கேன்.

ஊர்மிளா: உளுந்து ஊறட்டும். அதுக்கு நீங்கள் பக்கத்தில இருக்கோணுமே?

ஜீவராணி: இருக்கணும் டீச்சர். எங்க வீட்டு உளுந்து அப்புடி.

ஊர்மிளா: ஒருத்தரும் வரவேண்டாம். நான் தனியப் போறன்.

யோகேஸ்வரன்: வேணாம்!

ஜீவராணி: வேணாம் டீச்சர்!

யோகேஸ்வரன்: சிறுத்தை இருக்கு!

ஜீவராணி: ஆமா, ரெண்டு!

ஊர்மிளா: ஆ... விடியத் தொடக்கம் ஒரு சொல்லுக்கும் ஒத்துப்போகாத ஆக்கள், இதுக்கு மட்டும் ஒரே குரல். என்ன ஒளிக்கிறியள் ரெண்டு பேரும்?

யோகேஸ்வரன்: நான் என்னாத்த...

ஜீவராணி: எனக்கு என்னா இருக்கு ஒளிக்கிறதுக்கு? அடுப்புல பால் பொங்குது...

ஊர்மிளா: நில்லுங்கோ அக்கா. கடைசியா ஏறின பொம்பிளைப்பிள்ளை போட்ட படம் இப்பதான் திறக்குது. இஞ்ச சிக்னல் வாறதுக்கும் அஞ்சு நட்சத்திரம் குடுக்கோணும்... இந்தா. பாருங்கோ. சிவப்புத் துணி கட்டியிருக்கு. குங்குமம், சின்னச் சூலம் ஒண்டு, அதில குத்தின தேசிக்காய்...

யோகேஸ்வரன்: குடுங்க பாப்பம்... ராணி. இங்க வா. இது ஒன் தீவாளிச் சீலையில்ல? சிவப்புல மாங்கா பார்டர்?

ஜீவராணி: எங்க... கண்ணாடி இல்லாம தெரியல.

யோகேஸ்வரன்: எலி கடிச்சிருச்சுன்னு சொன்னியே, அந்தச் சீலை!

ஜீவராணி: எலி... கொண்டு போயிருக்கும்.

யோகேஸ்வரன்: எலி? மொட்டப்பாறை உச்சிக்குத் தூக்கிட்டுப் போயி, சுத்திக் கட்டி, மூணு முடிச்சுப் போட்டுட்டு வந்துச்சா?

ஜீவராணி: நம்ம தோட்டத்து எலிங்க. நல்லா வேல செய்யும்.

யோகேஸ்வரன்: ராணி...

ஜீவராணி: சரிங்க, நாந்தான்! நாந்தான் கட்டுனேன். மொதல்ல நான் மட்டுந்தான் போனேன். அப்புறம் மேக்கணக்கு லயத்து மீனம்மாக்கா கூட வந்தாங்க, அவங்க மக பரீட்சையில பாஸாயிட்டா. அது ஒருத்தர் வாயில இருந்து ஒருத்தர் வாயின்னு போயி... இப்ப மாசத்துல கடேசி வெள்ளிக்கிழமன்னா ஒரு படையே ஏறுது.

யோகேஸ்வரன்: படையா? அந்த ஏத்தத்துலயா? அட்டைக்கடி?

ஜீவராணி: லேசா போயிப் பாக்கிற சாமிக்கு என்னாங்க சக்தி இருக்கப் போகுது? மூச்சு வாங்க ஏறணும். அப்பத்தான் கேக்கிறதக் குடுக்கும்.

ஊர்மிளா: அண்ணை, உங்கடை கணக்குச் சரியாத்தான் இருந்திருக்கு. ஆக்கள்தான் மாறிப்போச்சினம்.

யோகேஸ்வரன்: அவ்வளவு சனம் நம்ம கடையத் தாண்டித்தானே ஏறியிருக்கு? ஒருத்தி உள்ள வந்து ஒரு டீ குடிக்கலயே!

ஜீவராணி: வெரதம்ங்க.

யோகேஸ்வரன்: கடவுளே! வெள்ளக்காரன் வருவான்னு ரோட்டப் பாத்துக்கிட்டே இருந்திருக்கேன், முதுகுக்குப் பின்னால ஒரு திருவிழா நடந்திருக்கு. என்னய மாதிரி யாவாரி எங்கயாவது இருப்பானா?

ஊர்மிளா: அக்கா, அது ஒரு விளையாட்டுப் பெட்டி எண்டு தெரிஞ்சுதானே போனியள்? பிறகேன்?

ஜீவராணி: சும்மாதான்.

யோகேஸ்வரன்: சும்மா எவளாவது தீவாளிச் சீலையக் கிழிப்பாளா?

ஜீவராணி: ஒங்களுக்கெதுக்கு அது? பொட்டிய நகட்டக் கூடாது. அவ்வளவுதான்.

யோகேஸ்வரன்: நகட்டுனா என்னாகும்?

ஜீவராணி: என்னாகும்னு எனக்குத் தெரியும். ஒங்களுக்குத் தெரிய வேணாம். ஏங்க, கும்பிட்டுக் கேக்கிறேன், புள்ளி போனா போகட்டும். ரெண்டு வட கூடச் சுட்டு சந்தியில கொண்டு போயி விக்கிறேன். பொட்டி அங்கயே இருக்கட்டும்.

ஊர்மிளா: அதை ஒருத்தரும் திறந்து பாக்கேல்லையோ?

ஜீவராணி: தொறந்தா கண்ணு போயிரும்னு சொல்லி வச்சிருக்கேன். மொதல் மாசம் ஒரு வாசம் வந்துச்சு டீச்சர்... புளிச்ச வாசம். அந்தப் பாறையில இருக்கிற முனிக்குக் கள்ளு புடிக்குமில்ல, அந்த வாசந்தான்னு மீனம்மாக்கா கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. நானும் போட்டுக்கிட்டேன்.

யோகேஸ்வரன்: வாசமா? கடதாசியும் பென்சிலும் வச்ச பொட்டியிலயா?

ஊர்மிளா: அண்ணை... பொறுங்கோ. படத்தைப் பெருப்பிச்சுப் பாக்கிறன். காத்துக்குத் துணி ஒரு பக்கம் விலகிக் கிடக்கு. நாங்கள் தலவாக்கலையில வாங்கினது பச்சை பிளாஸ்டிக் பெட்டியெல்லே?

யோகேஸ்வரன்: ம்.

ஊர்மிளா: இது அலுமினியம். கம்பிக் கைபிடி. மூடியில ஆணியால பேர் கீறியிருக்கு... சோ... லை...

யோகேஸ்வரன்: போன அமத்துங்க டீச்சர்.

ஜீவராணி: என்னா பிளாஸ்டிக்? என்னா பச்சை?

ஊர்மிளா: அக்கா, நீங்கள் அந்தப் பெட்டியை முந்திக் கண்டதே இல்லையோ?

ஜீவராணி: எங்க காட்டுனாரு? வெலையக் கேட்டா நான் சத்தம் போடுவேன்னு பையில மறைச்சுல்ல கொண்டு போனாரு.

ஊர்மிளா: அப்ப உங்கடை பெட்டி எங்கை அண்ணை?

யோகேஸ்வரன்: குடுங்க டீச்சர், அந்தக் கிளாஸக் கழுவி வச்சிர்றேன்.

ஊர்மிளா: அண்ணை?

யோகேஸ்வரன்: தண்ணி டாங்கி இருக்குல்ல... பாதி வழியில. அங்க, சவுக்கு மரத்து வேருக்கடியில.

ஊர்மிளா: பாதி வழியிலயோ!

யோகேஸ்வரன்: அதுக்கு மேல முடியல டீச்சர். யாரோ ரெண்டு கையையும் உள்ள விட்டு நெஞ்சப் புடிச்சு முறுக்குன மாதிரி இருந்துச்சு. ஒக்காந்துட்டேன். கண்ணு இருட்டிருச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு மெதுவா எறங்கி வந்தா, கடையில அத்தன பேரும் எந்திரிச்சு நின்னு "என்னா அண்ணே, உச்சியில வச்சாச்சா?"ன்னு கேக்கிறாங்க. ஒரு வாரமா அவ்வளவு வாயடிச்சிருக்கேன்... "வச்சாச்சு"ன்னுட்டேன். நீங்க உடனே போன்ல அஞ்சு நட்சத்திரத்தப் போட்டீங்க.

ஊர்மிளா: ரெண்டரை போட்டிருக்கலாம்.

யோகேஸ்வரன்: கஷ்டமான பொட்டிக்கு ஏன் ஆளு வர்றதில்லன்னு இவ்வளவு நேரம் ஒங்ககிட்ட வெளக்கம் கேட்டேன் பாருங்க. வச்சவனே போகல. வேற எவன் போவான்?

ஊர்மிளா: அதுக்கு அடுத்த நாள்தானே அண்ணை, உங்களைக் கண்டிக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினது?

யோகேஸ்வரன்: ஆமா. டாக்டர்கிட்டயும் சொல்லல, இவகிட்டயும் சொல்லல. நெஞ்சு வலிய விட மானம் பெருசாத் தெரிஞ்சிருச்சு.

ஜீவராணி: அப்ப... நீங்க உச்சிக்குப் போகவே இல்லையா?

யோகேஸ்வரன்: இல்ல ராணி.

ஜீவராணி: பாறையில காலே வைக்கல?

யோகேஸ்வரன்: பாறைய அண்ணாந்து பாத்தேன். அவ்வளவுதான்.

ஊர்மிளா: அக்கா? ஏன் நிலத்தில இருந்திட்டியள்? தண்ணி தரட்டே?

யோகேஸ்வரன்: ராணி... என்னாச்சும்மா? எதுக்கு அழுவுற? சிரிக்கிறியா? சிரிக்கிறதா இருந்தா சிரி, நான் ஒண்ணும் சொல்லல...

ஜீவராணி: பொட்டி வைக்கப் போயி முனி எடத்த மிதிச்சதாலதான் நீங்க கண்டியில மூச்சுப் பேச்சில்லாம கெடக்கீங்கன்னு நெனச்சு, கொட்டுற மழையில முட்டி தேய ஏறிப் போயி, சீலையக் கிழிச்சுக் கட்டி, "அவரு தெரியாம மிதிச்சுட்டாரு, அவர மட்டும் திருப்பிக் குடுத்துரு"ன்னு தலைய முட்டிக்கிட்டு அழுதேனே... அதக் கேட்டு ஒங்களத் திருப்பிக் குடுத்தது சோலைமலை அண்ணனோட சோத்துப் பெட்டியாங்க?