செட்ரிக்கின் படத்துக்கு ஒரு மாலை

— கழட்டுங்கோ அதை. மிஸ் எனிட் சேர்ச்சால வாறதுக்கு முதல் கழட்டுங்கோ.

— ஏன் சந்திரா? இண்டைக்குப் போரில செத்த ஆக்களை நினைக்கிற நாள். லண்டன் முழுக்கச் சிவப்புப் பூ குத்திக்கொண்டு திரியுது. வீட்டுக்கார மனுசியின்ர அண்ணனுக்கு நாங்கள் ஒரு மாலை போட்டா என்ன குறைஞ்சா போகும்?

— மாலை மட்டுமே? கண்ணாடியில சந்தனப்பொட்டும் வச்சிருக்கிறியள்.

— ஜமேக்காவில இருந்து வந்து ஸ்பிட்பயர் சண்டைப் பிளேன் ஓட்டின மனுசன். கறுப்பர் பிளேன் ஓட்டினவர் எண்டா ஒருத்தரும் நம்புகினமில்லை. போன வருசம் நினைவுத்தூணடியில ஒருத்தன் மிஸ் எனிட்டைக் கேட்டவன், உங்கட அண்ணன் மெக்கானிக்கோ எண்டு. மனுசி அண்டைக்குச் சாப்பிடவும் இல்லை. எனக்கு மனம் கேக்கேல்லை.

— அவர் செத்தவர் எண்டு மிஸ் எனிட் எப்பவாவது சொன்னவவோ?

— கடலுக்கு மேல போன பிளேன். அம்பது வருசமாகப் போகுதப்பா.

— தந்தியில காணேல்லை எண்டுதான் இருந்ததாம். அவ இப்பவும் 'செட்ரிக் வந்தா' எண்டுதான் கதைக்கிறவ. மேல் அறையை வாடகைக்கு விடாமப் பூட்டி வச்சிருக்கிறா. உயிரோட இருக்கிற ஆளின்ர படத்துக்கு ஆராவது மாலை போடுவினமோ?

— உயிரோட எண்டு...

— காணாமப் போனவை செத்தவையில்லை.

— நீ இப்ப செட்ரிக்கைப் பற்றியோ கதைக்கிறாய், உன்ர தம்பியைப் பற்றியோ?

— ராஜனை இதுக்குள்ள இழுக்காதேங்கோ. ஊரில ஆமி பிடிச்சுக்கொண்டு போனது, அவ்வளவுதான். இண்டைக்கு இவருக்குப் போடுவியள், நாளைக்கு என்ர தம்பிக்கும் போடுவியள். விடுங்கோ, நானே கதிரையில ஏறிக் கழட்டுறன்.

— பொறு, பொறு. மிஸ் எனிட் வந்திட்டா.

— வாசலில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், டார்லிங். உங்கள் பாஷை எனக்கு விளங்காது. சண்டை விளங்கும். கீழே இறங்கு.

— மன்னிச்சுக்கொள்ளுங்கோ, மிஸ் எனிட். இவர் சும்மா மரியாதைக்குப் போட்டவர்.

— பொய் சொல்லாதே, டார்லிங். உங்கள் அறையில் உன் அப்பாவின் படத்துக்கு மாலை இருக்கிறது, உன் தம்பியின் படத்துக்கு இல்லை. எனக்குக் கண் இல்லையா?

— இப்பவே கழட்டிவிடுறன்.

— வேண்டாம், இருக்கட்டும். செட்ரிக் ஷோக்குப் பேர்வழி. அவனுக்குப் பிடிக்கும்.

— அவர் வருவார் எண்டு நீங்கள்தானே...

— அம்மாவுக்காகச் சொல்லத் தொடங்கினேன். அம்மா போன பிறகும் நிறுத்தத் தெரியவில்லை. போர் முடிந்ததும் ஜமேக்காவில், கிங்ஸ்டனில் எங்கள் வீட்டுக்கு ஒரு பையன் வந்தான், டார்லிங். செட்ரிக்குக்குப் பக்கத்தில் பறந்தவன். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றான். கண்ணால் கண்டதைச் சொல்ல வந்திருக்கிறான். அம்மா கதவைச் சாத்தினாள், நான் தாழ்ப்பாள் போட்டேன். அவன் பெயரைக்கூட நாங்கள் கேட்கவில்லை. என் அண்ணன் கடைசியில் எப்படி இருந்தான் என்று இப்போது நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

— சந்திரா, என்னப்பா? இரு, இதில இரு.

— போன கிழமை நீங்கள் ஷிப்டுக்குப் போன நேரம் ஹவுன்ஸ்லோவில இருந்து ஒரு பெடியன் வந்தவன். ராஜனோட ஒரே ஆமிக் காம்பில இருந்தனான், கடைசி மட்டும் பக்கத்தில இருந்தனான் எண்டு கதவில கடிதம் போடுற ஓட்டைக்குள்ளால சொன்னவன். நான் லைற்றை நூத்துப்போட்டு, ஆளில்லாத மாதிரி இருந்திட்டன். அவனைத் தேடிப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வாங்கோ.