கதவோரக் கட்டிலுக்கு ஒரு மெத்தை

இல்ல தங்கச்சி, அது வேண்டாம். கையை வச்சாலே உள்ள போகுது பாரு. அதுல படுத்தா காலைல எந்திரிக்க ரெண்டு ஆள் வந்து தூக்கணும். விலை குறைச்சல்தான், ஒத்துக்கறேன். ஆனா மூணு வருஷம் தாங்கணுமே. ஆமா, பொண்ணுக்குத்தான், மூணு வருஷப் படிப்பு. இங்கேருந்து ரெண்டு தெரு தள்ளி இருக்கே, அந்த காலேஜ்தான். பெண்கள் ஹாஸ்டல்.

அளவா? எழுதியெல்லாம் கொண்டாரல. காலைல ரூமுக்குப் போய் கையாலேயே அளந்துட்டு வந்துட்டேன். நீளம் எட்டுச் சாண். அகலம் மூணு சாண், அதுக்கு மேல நாலு விரல். சிரிக்காதே. டேப்பை எடுத்து என் சாணை அளந்து பாரு. பார்த்தியா, ஒன்பது அங்குலம். ஆறடிக்கு ரெண்டரைன்னு நீ சொல்ற, நான் சாண் கணக்குல சொன்னேன், அவ்வளவுதான்.

இரும்புக் கட்டில், மேல பலகை. ரூம்ல நாலு கிடக்கு. ஜன்னலோரம் ஒண்ணு காலியாத்தான் இருந்துச்சு. ஆனா கதவோரத்துக் கட்டிலைத்தான் அவ எடுத்துக்கிட்டா. யாராச்சும் கூப்பிட்டா சட்டுனு எந்திரிச்சுப் போகணுமே, அந்தப் பழக்கம். ம்? ஹாஸ்டல்ல யாரு கூப்பிடப் போறாங்கன்னா... அது சரிதான். யாரும் கூப்பிட மாட்டாங்க. ஆனா உடம்புக்குத் தெரியணுமே அது.

இது என்னது, நாரா? கொஞ்சம் விறைப்பா இருக்கே. மேல மட்டும் ஒரு விரல் கனத்துக்கு ஃபோம் வச்சிருக்கா? அப்போ பரவாயில்ல. முதுகுக்கு அதுதான் நல்லது. அவளுக்கு இடுப்புக்கிட்ட ஒரு வலி இருக்கு, குனிஞ்சு நிமிந்தா பிடிச்சுக்கும். அந்த வயசுலயான்னு கேக்காதே. கனம் தூக்கின உடம்பு. புத்தகப் பைதான், வேறென்ன.

விரிப்பு ரெண்டு வேணும். அது வேண்டாம், வழவழன்னு இருக்கு, ராத்திரி முழுக்க நழுவிக்கிட்டே கிடக்கும். பருத்தியா குடு, ஒரு தடவை துவைச்ச மாதிரி இருக்கிறது. நல்லா உள்ள மடிச்சுச் சொருகுற அளவுக்கு நீளம் வேணும். விரிப்புல ஒரே ஒரு சுருக்கம் விழுந்தா போதும் தங்கச்சி, அது மேலயே ரெண்டு மணி நேரம் கிடந்தா தோல் செவந்துடும். நாலு மணி நேரம்னா புண்ணு. தையல் வேற முதுகுக்குக் கீழ வரவே கூடாது.

எனக்கு எப்படித் தெரியுமா? எங்கம்மா படுத்த படுக்கையா இருந்தாங்க. வலது பக்கம் வராம போச்சு. இருபத்திரண்டு வருஷம். ஆமா, நீ சரியாத்தான் கேட்டே, இருபத்திரண்டு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் போடணும். ஆறு மெத்தை மாத்தியிருக்கேன். காத்து மெத்தை, தண்ணி மெத்தை எல்லாம் பார்த்தாச்சு. ஒரு புண்ணு வரவிட்டதில்ல. வீட்டுக்கு வர்ற நர்சக்கா, மத்த வீட்டுக்காரங்களைக் கூட்டிட்டு வந்து காட்டுவாங்க, இங்க பாருங்க இப்படி இருக்கணும்னு. எங்கம்மாவுக்கு அதுல ஒரே பெருமை. பேச்சு குழறும், ஆனாலும் முதுகைக் காட்டச் சொல்லிச் சைகை பண்ணுவாங்க.

நாலு மாசம் ஆச்சு போய். தூக்கத்துலயே போயிட்டாங்க. திருப்பிப் போட எந்திரிச்சேன், கை சில்லுன்னு இருந்துச்சு. விடு, அதை எதுக்கு இப்போ.

அவ அப்பாவா? வரல. வேலை. வெளியூர். ஆமா... வெளியூர்தான்.

என்ன படிக்கப் போறாளா? புவியியல். மலை, ஆறு, காத்து எங்கேருந்து கிளம்பி எங்க போகுது, மழை ஏன் ஒரு பக்கம் பெய்யுது ஒரு பக்கம் பெய்யல, அதெல்லாம். வேலை கிடைக்குமான்னு எல்லாரும்தான் கேட்டாங்க. கிடைச்சா சரி, கிடைக்காட்டியும் சரி. ஒரே ரூமுக்குள்ள எத்தனை நாள்தான் இருக்கிறது.

படுத்துப் பார்க்கவா? நானா? சேச்சே, கடைக்குள்ளயா. யாராச்சும் பார்த்தா என்ன நினைப்பாங்க. எல்லாரும் பார்க்கிறதுதானா? சரி, செருப்பைக் கழட்டிக்கறேன். தலைகாணி அதுவா, குடு.

ம்.

இல்ல, ஒண்ணுமில்ல. ஒரு நிமிஷம் இப்படியே இருந்துக்கட்டுமா? கூட்டம் இல்லையே?

நான் பாயிலதான் படுப்பேன், அம்மா கட்டிலுக்குக் கீழ. ஆறு மெத்தை மாத்தினேன்னு சொன்னேனே, கடையில ஒரு தடவைகூட படுத்துப் பார்த்ததில்ல. அம்மா உடம்பை நினைச்சுக்கிட்டு கையால அமுக்கிப் பார்ப்பேன், வாங்கிட்டு வந்துடுவேன். இதுல கையை நீட்டினா எதுவும் தட்டல பாரு. கட்டில் கால் தட்டல. அதான் என்னவோ மாதிரி இருக்கு.

சரி, எந்திரிச்சுட்டேன். இதுவே இருக்கட்டும். இந்த மெத்தை, அந்தத் தலைகாணி, விரிப்பு ரெண்டு, அந்தச் சாம்பல் கலர் போர்வை. பூ போட்டது சின்னப் பிள்ளைங்களுக்கு நல்லா இருக்கும், எனக்கு... சாம்பலே போடு. விலையில கொஞ்சம் பார்த்துக்கோ. நல்லது.

பில்லுக்குப் பேரா? என் பேரைப் போடு. பொண்ணு பேர்ல போட்டாத்தான் ஹாஸ்டல்ல உள்ள விடுவாங்களா? சரிதான். அப்பவும் என் பேர்தான் தங்கச்சி.

அப்படிப் பார்க்காதே. பொண்ணு யாரும் இல்ல. கல்யாணமே பண்ணிக்கல, அப்புறம் வெளியூர்ல ஏது புருஷன்? நான் உள்ள நுழைஞ்சதும், ஹாஸ்டலுக்கான்னு கேட்டே, ஆமான்னேன். பொண்ணுக்கான்னு கேட்டே, அதுக்கும் ஆமான்னு வந்துடுச்சு. காலைலேருந்து இது மூணாவது. வாச்மேன் கேட்டார், அவருக்கும் தலையாட்டிட்டேன். மேல போனா அந்த ரூம்ல ரெண்டு பொண்ணுங்க, பதினெட்டு வயசு இருக்கும், என்னைப் பார்த்ததும் மரியாதையா எந்திரிச்சு நின்னுட்டாங்க. ஆன்ட்டி, உங்க பொண்ணு எப்ப வருவான்னு கேட்டாங்க. சாயங்காலம் வந்துடுவான்னு சொல்லிட்டு இறங்கி வந்துட்டேன். எனக்கு நாப்பது வயசு. வாய் வரல.

சீட்டெல்லாம் உண்மைதான், இங்க பாரு கடிதாசி. வார்டன் விண்ணப்பத்தை ரெண்டு தடவை படிச்சாங்களாம். வயசுக்கு விதியில தடை எதுவும் இல்லைன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. மொதல் வருஷம் சேர்ந்து அஞ்சே மாசத்துல நிறுத்தினேன் அப்போ, அம்மாவுக்குப் பக்கவாதம் வந்ததும். எல்லாரும் நர்ஸுக்குப் படி, கை பழகின வேலைதானேன்னாங்க. போதும்டா சாமின்னுட்டேன். தம்பி, எங்க வீட்டுக்கு வந்துடுக்கா, பிள்ளைங்களைப் பார்த்துக்கிட்டு இருக்கலாம்னான். நல்லவன்தான். பாசத்துலதான் சொன்னான். ஆனா அவன் வீட்ல எனக்குன்னு காட்டின இடமும் ஒரு கட்டிலுக்குப் பக்கத்துலதான். மாட்டேன்னுட்டேன். அவனுக்குக் கோவம். அதான் வரல.

அழலை. தூசி. புது மெத்தை இல்ல?

மெத்தையைத் தூக்கிட்டு வர ஆள் இருக்குன்னியே, சந்தோஷம். இன்னொண்ணு கேக்கட்டுமா? முடியாட்டி வெளிப்படையா சொல்லிடு. கொஞ்ச நேரம் கடையைப் பார்த்துக்க யாராச்சும் இருந்தா, நீயும் கூட வாயேன். நீ எதையும் தூக்க வேண்டாம், தலைகாணியை மட்டும் கையில வச்சுக்கோ. அங்க ஒவ்வொரு பிள்ளைக்கும் அம்மா, அப்பா, சித்தின்னு நாலு பேர் வந்து, வாளி தூக்குறாங்க, கொசுவலை கட்டுறாங்க, ஆளாளுக்குப் புத்தி சொல்றாங்க. படி ஏறும்போது நீ என் பக்கத்துல வந்தா போதும். அந்தப் பொண்ணுங்க கிட்ட நானே சொல்லிடுவேன், உங்ககூட தங்கிப் படிக்க வந்தது நான்தாம்மான்னு.

நீ யாருன்னு கேட்டா, என்னைக் கொண்டுவந்து விட வந்தேன்னு சொல்லு.