அழுத பூனை எங்கே போனது

மச்சான், நான் பொறுமைசாலி என்பது உங்களுக்கே தெரியும். உங்கள் தங்கையைக் கட்டியவன் வேறு எப்படி இருக்க முடியும்? தரை துடைக்கிற அக்காவை வேலையை விட்டு அனுப்பிய பிறகும் உங்களுக்கு ஏதோ உறுத்துகிறது. நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதிக் கொடு என்றீர்கள். எழுதுகிறேன்.

உங்கள் கார்ட்டூன் ஸ்டுடியோவில் யார் எதை வரைந்தாலும் அது மூலையில் இருக்கும் பழைய டிஸ்கில்தான் போய்ச் சேர வேண்டும். அது வேகத்தில் ஆமை. படத்தின் கடைசிக் காட்சி, மழையில் பூனை அழுவது, உங்கள் தங்கையின் பொறுப்பு. அது நன்றாக வந்தால் அடுத்த படத்தை அவளே இயக்கலாம் என்று நீங்கள் வாக்குக் கொடுத்திருந்தீர்கள். அவள் முதலில் வாலை வரைந்து சேமித்தாள். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"இந்த வால் உள்ள போறதுக்குள்ள எனக்கே வால் முளைச்சிடும் போல" என்று எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்துச் சொன்னாள். கணினிகளைக் கவனிப்பவன் நான்தானே. உங்களிடம் புது டிஸ்க் கேட்டேன். "இருக்கறத வச்சு ஓட்டு மாப்ள" என்றீர்கள்.

ஓட்டினேன். அதே மூலையில், அதே பிளக்கில், ஆமைக்கு முன்னால் கேஷ் என்று ஒன்று வைத்தேன். அது வேகமான தற்காலிக நினைவகம். படத்தை முதலில் அது வாங்கிக்கொள்ளும், பிறகு ஆமையிடம் கொடுக்கும். முறைப்படி, ஆமையிடம் போய்ச் சேர்ந்த பிறகுதான் 'சேமிக்கப்பட்டது' என்று திரையில் வர வேண்டும். கேஷ் வாங்கியதுமே அப்படிக் காட்டிவிடவும் ஒரு வசதி இருந்தது. மின்சாரம் போனால் இடையில் இருப்பதெல்லாம் போய்விடும், சம்மதமா என்று கேட்டது. அவ்வளவு பணிவாகக் கேட்டால் எப்படி மறுப்பது? சம்மதம் என்றேன்.

மறுநாள் அவள் கண்மூடித் திறப்பதற்குள் சேமிப்பு முடிந்தது. "என்னங்க, மாயம் கீயம் பண்ணீங்களா?" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. உண்மையைச் சொல்கிறேன் மச்சான், எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆனால் கேஷ் தன் சுமையை ஆமையிடம் இறக்கத் தொடங்கினாலே எல்லாம் கொஞ்சம் தள்ளாடும். அவள் புருவம் உயரும். அதை என்னால் தாங்க முடியவில்லை. ஆகவே சுமை இறக்குவதை மதிய சாப்பாட்டு நேரத்துக்குத் தள்ளினேன். மதியமும் அவள் வரைந்தாள். விடுமுறைக்குத் தள்ளினேன். விடுமுறையிலும் வரைந்தாள். கடைசியில் படம் முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று நிறுத்தி வைத்தேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஒத்திவைத்தேன்.

அப்போதுதான் அக்கா வேக்குவம் மெஷினோடு வந்தார். "தம்பி, பிளக்கு எதுவும் காலியா இல்லையே. எதையாச்சும் கழட்டிக்கட்டுமா?"

திரையைப் பார்த்தேன். 'சேமிக்கப்பட்டது' என்று பளிச்சென்று எழுதியிருந்தது. "எல்லாம் சேவ் ஆயிடுச்சுக்கா, அந்த மூலையில இருக்கறத கழட்டிக்கோங்க" என்றேன். அந்த வார்த்தையைத் திரையில் வரவழைத்தவனே நான்தான். இருந்தாலும் நம்பினேன். கணினி பொய் சொல்லுமா?

மறுபடி போட்டுப் பார்த்தபோது மற்றக் காட்சிகள் பத்திரமாக இருந்தன. அவையெல்லாம் முன்பு மெதுவாகப் போய்ச் சேர்ந்தவை. கடைசிக் காட்சியில் ஒரு வால் மட்டும் இருந்தது.

"என் பூனை எங்கங்க?" என்று அவள் தேம்பித் தேம்பி அழுதாள். பிளக்கைப் பிடுங்கியது யார் என்று நீங்கள் கத்தினீர்கள். அக்காதான் என்றேன். அதில் பொய் இல்லையே. போகும்போது அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். எனக்கு வேலை இருந்தது, குனிந்துகொண்டேன்.

நீங்கள் படத்தை வாங்குகிறவர்களின் கையிலும் காலிலும் விழுந்து இன்னும் கொஞ்சம் தவணை வாங்கியிருக்கிறீர்கள். உங்கள் தங்கை பக்கத்து மேஜையில் வீங்கிய கையோடு பூனையை முதலிலிருந்து வரைகிறாள். இந்த நிலைமையில் அவளை வட்டத்தைப் பார்த்துக் காத்திருக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அதனால் கேஷில் கை வைக்கவில்லை. ஆனால் பட்டும் திருந்தாதவன் அல்ல நான். பிளக்கின் மேல் சிவப்பு டேப் சுற்றி, 'தொடாதீர்கள்' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.

இப்போதுதான் கூப்பிட்டாள். "ஏங்க, இந்தத் தடவை ஒழுங்கா சேவ் ஆயிடுச்சா?"

திரையைப் பார்த்தேன்.

"ஆயிடுச்சும்மா" என்றேன்.