மச்சான் வாய் திறக்காத திங்கட்கிழமை

விழாத் தலைவர், நம் சாத்தூர்க் கேபிள் தொலைக்காட்சியின் உரிமையாளர் ஐயா சங்கரபாண்டியன் அவர்களே, முன்வரிசையில் முகம் மலர்ந்து வீற்றிருக்கும் பெரியோர்களே, தீப்பெட்டி ஒட்டிய பசை காயுமுன் ஓடோடி வந்திருக்கும் தாய்மார்களே, உங்கள் பழைய நிருபரின் பணிவான வணக்கம்.

‘மாடிவீட்டு மச்சான்’ நகைச்சுவைத் தொடர் இன்று ஆறாம் ஆண்டில் அடியெடுத்து வைக்கிறது. அந்த மச்சானை அறியாதவர் உண்டா? விருந்துக்கு வந்தவன். விடிந்தால் ஊருக்குப் போவேன் என்பான். போக மாட்டான். திங்களும் அதே கதை, செவ்வாயும் அதே கதை. அதே சோபா, அதே சட்டை, அதே சண்டை. என்னம்மா சொல்கிறீர்கள்? அதே பாயாசமா? ஆமாம் தாயே, அதே பாயாசம்தான்.

அதுதான் இயக்குநர் விக்னேஷ்வரனை அரித்தது. சென்ற ஆடியில் என்னிடம் சொன்னார்: “அண்ணாச்சி, அரைச்ச மாவையே அரைக்கேன். யாரும் பாக்குற மாதிரி தெரியல. ஒரு நாள் புதுசா எடுத்துப் பாக்கேன். எடுபடலைன்னா தொடரை நிறுத்திருவேன்.”

எடுத்தார். வசனமே இல்லாத ஒரு பகுதி. புருவத்தில் கோபம், கண்ணில் குறும்பு, உதட்டில் நகை. திங்களன்று ஒளிபரப்பினார். என்ன நடந்தது?

பக்கத்து ஊரான ஆமத்தூரே கேபிள் அலுவலகத்துக்குப் போன் போட்டது, வயர் அறுந்துவிட்டதென்று. லைன்மேன் சோலைச்சாமி கம்பம் கம்பமாக ஏறி இறங்கினார். மறுநாள் காலை அந்த ஊரில் தீப்பெட்டி ஒட்டும் கருப்பம்மாள், தன் தெருப்பெண்களைத் திரட்டிக்கொண்டு அலுவலக வாசலில் நின்றார். இயக்குநரும் நானும் அங்கிருந்தோம். அவரைப் பார்த்துக் கருப்பம்மாள் கேட்டார்:

“தம்பி, நேத்து கேபிளு ஏன் வரல?”

“வந்துச்சே மதினி. மச்சான் மொகத்துலயே நடிச்சாரே, பாக்கலையா?”

“மொகத்த எவ பாத்தா? குனிஞ்ச தலை நிமிராமப் பெட்டி ஒட்டுறோம். காதுலதான் கேக்கோம். அவனுக்கு மீசை இருக்கா இல்லையான்னே எனக்குத் தெரியாது.”

அருகில் நின்ற மருமகள் மாரிசெல்வி சொன்னாள்: “பேச்சு நின்னதும் எங்க அத்தை டிவி மண்டையில நாலு போடு போட்டுச்சு.”

விக்னேஷ்வரன் தயங்கிக் கேட்டார்: “தெனமும் ஒரே கதை அலுக்கலையா மதினி?”

“ஒரே கதையா இருக்கப்போயித்தான் கை ஓடுது. புதுசா ஏதாச்சும் செஞ்சீகன்னா நிமிந்து பாக்கணும். பெட்டி கோணிப்போகும்.”

தொடரை நிறுத்த நினைத்தவர் சிரித்துச் சிரித்து வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அன்பர்களே, புதுமை நிமிர்ந்து பார்க்கச் சொல்கிறது. பழகிய சிரிப்போ பக்கத்தில் வந்து அமர்கிறது. வேலையைக் கெடுக்காமல், விரலைத் தடுக்காமல், அலுப்பை மட்டும் அள்ளிக்கொண்டு போகிறது. யாரும் பார்க்கவில்லை என்று ஒரு கலைஞன் கலங்கினான். ஓர் ஊரே காது கொடுத்துக் காத்திருந்தது. இதைவிட எந்த விருது பெரிது?

இன்றும் ஒளிபரப்பு உண்டு. அதற்குள் நீங்கள் வீடு போய்ச் சேர வேண்டும் என்பதால் முடித்துக்கொள்கிறேன். உங்கள் கைகள் ஓடட்டும், உங்கள் வீடுகள் சிரிக்கட்டும். செவிகொடுத்த அனைவருக்கும் நன்றி, வணக்கம்.